'திடீர்' பனிச்சரிவு

வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில் 'திடீர் பனிச்சரிவு' என்று நான் தலைப்பிட்ட செய்திகளுக்குக் கணக்கில்லை. 2019 ஏப்ரல் 16ஆம் திகதி கனடாவின் ஹவ்ஸ் சிகரத்தில் டேவிட் லாமா, ஹான்ஸ்யோர்க் ஆவர், ஜெஸ் ரொஸ்கெலி என்ற மூன்று மலையேறிகள் பலியானபோதும் அப்படித்தான் எழுதினேன். அவர்களது உடல்கள் மீட்கப்பட்டது ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று. அன்று எங்கள் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. கனடாச் செய்தியைத் தொடர எவருக்கும் நேரமிருக்கவில்லை. (அந்தக் குண்டுகளையும் திடீர் என்றே எழுதினோம். எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.)

வசந்தகாலப் பனிச்சரிவுக்கு ஏறக்குறைய ஒரு நேரசூசி உண்டு என்பதை மிகவும் பிந்தியே அறிந்துகொண்டேன். மேகமற்ற இரவில் பனியின் வெப்பம் வானத்துக்குப் போய்விடுகிறது. மேற்பரப்பு இறுகி, காலையில் ஆளைத் தாங்குகிறது. வெயில் ஏறியதும் முதலில் கிழக்குச் சாய்வும், பின்னர் தெற்கும், பிற்பகலில் மேற்கும் இளகுகின்றன. உருகிய நீர் உள்ளே இறங்கிப் பனித்துகள்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது. ஆகவேதான் அங்குள்ள அனுபவசாலிகள் விடியுமுன் புறப்பட்டு, வெயில் முறுகுமுன் சாய்வை விட்டு இறங்கிவிடுகிறார்கள். இரவு முழுவதும் மேகம் மூடியிருந்தால் பனி சரியாக இறுகியிராது; அன்று அதிகாலையையும் நம்பமுடியாது. சாய்வில் பனியுருண்டைகள் தாமாக உருளத் தொடங்கினாலோ, கால் கணுக்கால்வரை ஈரப்பனியில் புதைந்தாலோ திரும்பிவிட வேண்டும். 30 முதல் 45 பாகை வரையான சாய்வுகளே பெரும்பாலும் சரிகின்றன. அதையும் அளந்து பார்க்கலாம்.

இத்தனைக்கும் பிறகு 'திடீர்' எங்கிருந்து வருகிறது? ஐரோப்பாவில் 1993 முதல் ஐந்து படிகள் கொண்ட பொது எச்சரிக்கை அளவுகோல் நடைமுறையில் உள்ளது. சுவிற்சர்லாந்தில் அதிகமானோர் இறப்பது ஐந்தாம் படியிலல்ல, மூன்றாம் படியில். ஐந்து என்றால் வீட்டிலிருப்பார்கள். மூன்று என்றால் 'போய்ப் பார்க்கலாம்' என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கும்.

மேற்சொன்ன மூவரும் உலகத் தரத்தினர். உச்சியை அடைந்து இறங்கும்போதே அவர்கள் அகப்பட்டார்கள். அவர்களைக் குறைகூறுவது என் நோக்கமல்ல. ஆனால் ஆபத்தை அறிந்து ஏற்றுச் சென்றவர்களின் மரணத்துக்கு 'திடீர்' என்று எழுதும்போது, அவர்களது அறிவையும் சேர்த்து விதியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அடுத்து அதே வழியில் புறப்படுபவரும் அப்படியே வாசித்துவிட்டுப் போகிறார்.

புதையுண்டவரை முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்புண்டு. அதன்பின் அது வேகமாகச் சரிகிறது. ஈரப்பனியோ நின்றவுடன் சீமெந்துபோல் இறுகிவிடும். ஹெலிகொப்டர் வருவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. ஆகவே காப்பாற்றவேண்டியவர் கூடச் செல்பவரே. அவரிடம் சமிக்ஞைக் கருவியும், குத்திப் பார்க்கும் நீண்ட கம்பியும், சவளும் இருக்கவேண்டும். அவற்றைப் பாவித்துப் பழகியுமிருக்கவேண்டும்.

அண்மையில் ஓர் இளம் உதவி ஆசிரியர், "அப்படியானால் தலைப்பில் என்ன போடுவது, ஐயா?" என்று கேட்டார். சரிவு நிகழ்ந்த நேரத்தைப் போடுங்கள் என்றேன். செய்திக்குள் சாய்வு எந்தத் திசையை நோக்கியது, அன்றைய எச்சரிக்கை எத்தனையாம் படி என்பதையும் சேர்த்தால், இரண்டு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.