கட்சிக்காரருக்கும் ஒரு நாற்காலி வேண்டும்

பணம் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்கும் டாக்டர் கவனக்குறைவாக நடந்துகொண்டால், நுகர்வோர் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம். சுப்ரீம் கோர்ட்டு இதை 1995-ம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

பணம் வாங்கிய வக்கீல், வாய்தா நாளில் கோர்ட்டுப் பக்கமே வராமல் போனால் என்ன செய்வது? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. அந்த வழக்கை நடத்தி வெற்றி பெற்றவர்கள் வக்கீல்களின் சங்கங்கள்தான்.

தீர்ப்பைக் குறை சொல்வது நம் நோக்கம் அல்ல. வக்கீல் வியாபாரி அல்ல என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு கட்சிக்காரரின் நிலை என்ன என்று பார்க்க வேண்டும். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். அதற்கு இன்னொரு வக்கீலைப் பிடிக்க வேண்டும். மோசடி என்றால் போலீசுக்குப் போகலாம். மற்றபடி ஏழைக்குத் திறந்திருக்கும் கதவு ஒன்றே ஒன்று. அது பார் கவுன்சில்.

யார் விசாரிக்கிறார்கள்?

1961-ம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தின்படி அமைந்தது இந்திய பார் கவுன்சில். அதன் முதல் தலைவர் புகழ்பெற்ற அட்டர்னி ஜெனரல் எம்.சி.செதல்வாட். வக்கீல்களின் ஒழுங்குமுறைகளை வகுப்பது மட்டும் அதன் வேலை அல்ல. "சட்டச் சீர்திருத்தத்தை வளர்ப்பதும் ஆதரிப்பதும்" அதன் கடமை என்று அதே சட்டத்தின் 7-வது பிரிவு சொல்கிறது. ஏழைகளுக்குச் சட்ட உதவி ஏற்பாடு செய்வதும் அதன் கடமைகளில் ஒன்று.

கவுன்சில் நல்ல காரியங்கள் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெங்களூரில் தேசிய சட்டப் பள்ளி உருவானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அரசாங்கத்தின் கை வக்கீல் தொழிலுக்குள் நீளும்போது எதிர்த்து நின்றிருக்கிறது. 2025 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு திருத்த மசோதாவின் நகலை வெளியிட்டது. கவுன்சிலில் அரசு தன் ஆட்களை நியமிக்க அதில் வழி இருந்தது. கவுன்சிலும் நாடெங்கும் உள்ள வக்கீல்களும் எதிர்த்தார்கள். அந்த நகலை அரசு திரும்பப் பெற்றது. அது நியாயமான எதிர்ப்பு. அரசை எதிர்த்து வாதாட வேண்டிய வக்கீலுக்கு அரசே எஜமானனாக இருக்கக் கூடாது.

ஆனால் 2017-ல் நடந்தது வேறு. அந்த ஆண்டு சட்டக் கமிஷன் தன் 266-வது அறிக்கையைக் கொடுத்தது. வக்கீல்கள் மீதான புகாரை விசாரிக்கும் அமைப்பில் வக்கீல் அல்லாதவர்களுக்கும் இடம் தரும் யோசனை அதில் இருந்தது. பார் கவுன்சில் அதையும் கடுமையாக எதிர்த்தது. அரசு வேண்டாம் என்றார்கள், சரி. பொதுமக்களும் வேண்டாம் என்றால் எப்படி?

இன்றைய சட்டப்படி ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் கவுன்சில் உறுப்பினர்கள். மூன்றாமவர் கவுன்சிலுக்கு வெளியே இருந்து எடுக்கப்படும் ஒரு வக்கீல். அந்தக் கவுன்சில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் வக்கீல்களே. ஓட்டுப் போட்டவர் மீது, ஓட்டு வாங்கியவர் விசாரணை நடத்துகிறார். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், புகார் கொடுத்தவர் மனதில் சந்தேகம் எழாமல் இருக்குமா?

தமிழில் எழுதினால் செல்லாது

மும்பையில் வாழும் நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கவுன்சில் விதிகளின்படி, புகாரை ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அந்த மாநிலத்தின் ஆட்சிமொழியிலோதான் கொடுக்க வேண்டும். மராட்டியத்தில் அது மராத்தி.

தாராவியில் தோல் பதனிட்டவர், மில்லில் வேலை பார்த்தவர், இட்லிக் கூடை சுமந்தவர் எல்லாருக்கும் கோர்ட்டு வாசலை மிதிக்க வேண்டிய காலம் வரும். விபத்து நஷ்டஈடு, கிராஜுவிட்டி பாக்கி, குடிசை மாற்று வீட்டுத் தகராறு என்று ஏதாவது ஒன்று. தமிழ் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், தன் வக்கீல் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தால், அந்தக் குறையைத் தன் மொழியில் எழுதிக் கொடுக்க முடியாது. வேறொருவரிடம் கெஞ்ச வேண்டும். பல பேர் அதோடு விட்டுவிடுகிறார்கள். சென்னையில் கூலி வேலை செய்யும் ஒடியாக்காரருக்கும், பெங்களூரில் கட்டட வேலை செய்யும் வங்காளிக்கும் இதே கதிதான். இது தமிழருக்கு மட்டும் உரிய குறை அல்ல. ஊர் விட்டு ஊர் பிழைக்கப் போன எல்லாருடைய குறை.

செய்ய வேண்டியது மூன்று

சட்டச் சீர்திருத்தம் பேசும் பார் கவுன்சில், அதைத் தன் வீட்டிலிருந்தே தொடங்கட்டும்.

முதலாவது, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் வக்கீல் அல்லாத ஒருவர் இருக்க வேண்டும். அவரை அரசு நியமிக்க வேண்டாம், ஐகோர்ட்டு நியமிக்கட்டும். தொழிலின் சுதந்திரமும் காப்பாற்றப்படும், மக்களின் நம்பிக்கையும் காப்பாற்றப்படும்.

இரண்டாவது, அரசியல் சட்டத்தின் 8-வது அட்டவணையில் உள்ள எந்த மொழியில் புகார் வந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பது கவுன்சிலின் பொறுப்பாக இருக்கட்டும்.

மூன்றாவது, புகாரை ஓர் ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முடியாவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாற்றப்பட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை முடிந்தன, எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு மாநிலக் கவுன்சிலும் வெளியிட வேண்டும்.

இதனால் நல்ல வக்கீல்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கூலி வாங்காமல் ஏழைக்காக வாதாடும் வக்கீல்கள் இந்த நகரத்திலும் இருக்கிறார்கள். ஒரு சிலர் செய்யும் தவறுக்கு அவர்களும் கெட்ட பெயர் சுமக்கிறார்கள். கறுப்புக் கோட்டின் மதிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறை அவர்களுக்குத்தான் அதிகம் இருக்க வேண்டும்.

சட்டம் மாறும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். கையெழுத்துப் போட்ட வக்காலத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பீஸ் பாக்கிக்காக வக்கீல் கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அதை மறக்க வேண்டாம். புகார் இருந்தால், அந்த வக்கீல் பதிவு செய்துள்ள மாநிலத்தின் பார் கவுன்சிலுக்கு எழுதுங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கு அப்பீல் செய்யலாம். அதற்கு மேல் சுப்ரீம் கோர்ட்டு இருக்கிறது.

தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இதில் கை கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, புகார் எழுதித் தர ஒரு குமாஸ்தா உட்கார்ந்தால் போதும். எத்தனையோ பேருக்கு உதவியாக இருக்கும்.

நீதி கேட்டுப் போகிறவர் கட்சிக்காரர்தான். அந்த வீட்டில் அவர் உட்கார ஒரு நாற்காலி கூட இல்லை என்றால், அது என்ன சீர்திருத்தம்?