கதிர் பட்ட உடம்பு கதிர் வீசுமா?

கேள்வி: கதிர்வீச்சின் உதவியால் உருவான நிலக்கடலை ரகங்களைப் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். என் மாமியாருக்கு மார்பில் புற்றுநோய். தினமும் பஸ்ஸில் தஞ்சாவூர் போய் மெஷினில் கதிர் வைத்துக்கொண்டு வருகிறார். 'கதிர் பட்ட உடம்பு, குழந்தையைத் தூக்கக் கூடாது' என்று தெருவில் சொல்கிறார்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டோம். இப்போது அவர் 'இனி நான் போகவில்லை' என்கிறார். விவசாய ஆபீசரிடம் இதைக் கேட்கலாமா?

– ஒரு வாசகி, நன்னிலம் வட்டம்

பதில்: தாராளமாகக் கேட்கலாம் அம்மா. வைத்தியத்தை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கதிரின் குணத்தை நான் சொல்கிறேன்.

அணுவிலிருந்து வரும் கதிர்களில் முக்கியமானவை மூன்று.

ஆல்பா: ஒரு காகிதமே இதைத் தடுத்துவிடும், தோலைத் தாண்டாது. ஆனால் இதை வீசும் பொருள் மூச்சிலோ சாப்பாட்டிலோ உள்ளே போனால் கெடுதல் அதிகம். பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் இருந்த தோரியம் இந்த வகை. அந்தச் சாம்பலை ஊதித் தள்ளக் கூடாது.

பீட்டா: சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போதும், நின்றுவிடும். நாம் போடும் பொட்டாஷ் உரத்திலும் இது மிகச் சிறிதளவு உண்டு. பொட்டாசியத்தில் சுமார் 10,000 அணுக்களுக்கு ஒன்று கதிர் வீசும் வகை. வாழைப்பழத்திலும் நம் உடம்பிலும்கூட அது இருக்கிறது. யாரும் நம்மைத் தள்ளி வைப்பதில்லை.

காமா: உடம்பை ஊடுருவிப் போகும். தடுக்கக் கனமான ஈயமோ தடித்த கான்கிரீட் சுவரோ வேண்டும். கோபால்ட் 60 வீசுவது இதைத்தான். மகாராஷ்டிராவில் லாசல்கானில் வெங்காயம் முளைக்காமலிருக்க இந்தக் கதிரைக் காட்டுகிறார்கள். 2007ல் நம் மாம்பழம் அமெரிக்காவுக்குப் போனதும், உள்ளிருக்கும் பூச்சிக்காக இந்தக் கதிரைக் காட்டிய பிறகுதான்.

அந்த மாம்பழம் கதிர் வீசுமா? வீசாது. களத்தில் நெல் காய்கிறது. பகலெல்லாம் வெயில் பட்ட அந்த நெல்லைச் சாக்கில் கட்டி வீட்டுக்குள் வைத்தால், ராத்திரி அது வெளிச்சம் தருமா? அதுபோலத்தான் இதுவும். கதிர் வந்து தன் வேலையைச் செய்துவிட்டுப் போய்விடும். கதிர் வீசும் பொருள் மெஷினோடு நின்றுவிடுகிறது, மாம்பழத்தில் ஒட்டுவதில்லை.

உங்கள் மாமியாருக்கும் இதே கணக்குதான். வெளியிலிருந்து மெஷின் மூலம் கதிர் வைத்தால், அந்த அறையை விட்டு வெளியே வரும்போது அவர் உடம்பில் கதிர் எதுவும் தங்கியிருக்காது. பேரனைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம்.

ஒரு விலக்கு உண்டு. தைராய்டு புற்றுக்குக் கதிர் வீசும் அயோடினை மருந்தாகவே உள்ளே கொடுப்பார்கள். அப்போது பொருளே உடம்பில் இருப்பதால், டாக்டர் சொல்லும் நாட்கள்வரை குழந்தைகளிடமிருந்து விலகியிருக்க வேண்டும். தெருவில் நீங்கள் கேட்ட பேச்சு அப்படிக் கிளம்பியிருக்கலாம். சந்தேகம் தீர, 'வெளியே வைக்கும் கதிரா, உள்ளே கொடுத்த மருந்தா?' என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கதிர்ச் சிகிச்சையை நாள் கணக்குப் போட்டுப் பிரித்துக் கொடுப்பார்கள். முறைத் தண்ணீர் மாதிரி, நடுவில் விட்டால் பயிருக்குத்தான் நஷ்டம். மாமியாரைச் சிகிச்சைக்கு அனுப்புவது இருக்கட்டும். முதலில் அந்தத் தனித் தட்டை எடுத்து மற்ற தட்டுகளோடு வையுங்கள். பேரனை அவர் மடியில் உட்கார வையுங்கள். நாளைக்கு அவரே பஸ் ஏறுவார்.