மனச்சோர்வு உறுதிக்குறைவு அன்று

நமது அமைப்பு அறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறும் சொற்களுள் ஒன்று 'சோர்வு'. 'கிளையில் சோர்வு நிலவுகிறது', 'தோழர் சோர்வடைந்து ஒதுங்கியுள்ளார்' என்றெல்லாம் எழுதுகிறோம். பிறமொழி ஆவணங்களையும் அவ்வாறே பெயர்க்கிறோம். அங்கே அச்சொல் ஓர் அரசியல் குறைபாட்டைச் சுட்டுகிறது. விவாதத்தாலும் விமர்சனத்தாலும் அரசியல் கல்வியாலும் அதனைக் களையலாம் என்பது உட்பொருள். மருத்துவமோ இதே சொல்லைக் கொண்டு 'மனச்சோர்வு' என ஒரு நோயைக் குறிக்கிறது. இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கம் கெடுவது, பசி அற்றுப்போவது, விரும்பிச் செய்த வேலையிலும் நாட்டம் இழப்பது, தாம் எதற்கும் பயனற்றவர் என்ற எண்ணம் ஓயாது அரிப்பது ஆகியன அதன் அடையாளங்கள். விமர்சனக் கூட்டத்தால் இது தீராது, மேலும் மோசமாகக்கூடும்.

இவ்விரு பொருளையும் நாம் குழப்பிக்கொள்வதன் விலையைக் கொடுப்பவர் நோயுற்ற தோழர்தான். கூட்டத்துக்கு வராத காரணத்தைக் கேட்டால் முதுகுவலி என்கிறார். வீட்டில் சிக்கல் என்கிறார். மருந்துச் சீட்டை மறைத்து வைக்கிறார், அல்லது மருத்துவரிடமே செல்லாதிருக்கிறார். தடியடிக்கும் சிறைக்கும் அஞ்சாதவர், மனநல மருத்துவரின் வாயிலில் தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சுகிறார். இந்த அச்சத்தைப் பற்றிப் பேசாத வரை, மனநலம் குறித்து நாம் நிறைவேற்றும் தீர்மானங்கள் முழுமை பெறா.

மனத்துயரின் வேர்களைச் சமூகத்தில் தேடுவது நமக்குப் புதிதன்று. பாரிஸ் காவல்துறையின் ஆவணக் காப்பாளராக இருந்த ழாக் புஷே என்பவரின் நினைவுக்குறிப்புகளிலிருந்து தற்கொலை பற்றிய பகுதிகளைத் தெரிந்தெடுத்து, ஜெர்மனில் பெயர்த்து, தம் கருத்துகளையும் இடையிட்டு 1846இல் வெளியிட்டார் மார்க்ஸ். அதில் விரிவாகக் கூறப்படும் நான்கு நிகழ்வுகளில் மூன்று பெண்களுடையவை. மாண்டவர்மீது பழி சுமத்துவதை விடுத்து, அவர்களை அந்நிலைக்குத் தள்ளிய குடும்ப உறவுகளையும் சமூக அமைப்பையும் விசாரிக்க வேண்டும் என்பதே அக்கட்டுரையின் நோக்கு.

இன்றைய இந்தியாவின் கணக்கும் அந்த விசாரணையைக் கோருகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி, 2021இல் நாட்டில் 1,64,033 பேர் தற்கொலையால் மாண்டனர். அவர்களுள் 42,004 பேர் தினக்கூலித் தொழிலாளர்கள். அதாவது நான்கில் ஒருவர். இல்லத்தரசிகள் என வகைப்படுத்தப்பட்டோர் 23,000க்கும் மேற்பட்டோர். கடன், வேலையின்மை, குடும்ப வன்முறை, சாதிய அவமதிப்பு ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு இந்த எண்களை விளக்க எவராலும் இயலாது.

ஆனால் இந்தச் சரியான புரிதலிலிருந்து தவறான முடிவொன்றும் நம்மிடையே பிறந்துவிடுகிறது. 'நோய்க்குக் காரணம் சமூகம். சமூகம் மாறினால் நோய் தீரும். இடையில் மருத்துவர் எதற்கு?' என்பதே அது. காசநோயை எண்ணிப் பாருங்கள். காற்றோட்டமற்ற குடியிருப்பும் ஊட்டக்குறைவும் அந்நோயை வளர்க்கின்றன என்பதை நாம் அறிவோம். அவற்றுக்கு எதிராகப் போராடுகிறோம். ஆயினும் காசநோய் கண்ட தோழரிடம், வீட்டுவசதிப் போராட்டம் வெல்லும்வரை மாத்திரை வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை. கல் உடைக்கும் தொழிலாளிக்கு நுரையீரல் பாதித்தால் இழப்பீடு கேட்டு வழக்கும் தொடுக்கிறோம். அவரை மருத்துவமனையிலும் சேர்க்கிறோம். இந்த எளிய நியாயம் உள்ளத்தின் நோய்க்கும் பொருந்தும். காரணம் சமூகத்தில் இருக்கலாம். வலி ஒரு மனிதரின் உடலிலும் உள்ளத்திலும் இருக்கிறது. அதற்கு இன்றே மருந்து வேண்டும்.

உறுதியுள்ளவர்க்கு மனநோய் வாராது என்பது இரண்டாவது தவறான எண்ணம். முற்போக்கு இலக்கிய வரலாறே இதனை மறுக்கிறது. காஜி நஸ்ருல் இஸ்லாம் ஆங்கிலேயரின் சிறையில் 1923இல் பல நாட்கள் உண்ணாவிரதம் இருந்தவர். தோழர் முசாபர் அகமதுவின் நெருங்கிய நண்பர். உருதுக் கவிஞர் மஜாஸ் முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தின் இளம் குரலாக ஒலித்தவர். இவ்விருவரும் 1952இல் ராஞ்சி மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்றனர். நஸ்ருல் 1942இலேயே நோயுற்றுப் பேச்சிழந்தார். அது மூளையைச் சிதைக்கும் நோய் என்று வியன்னா மருத்துவர்கள் கண்டறிந்தபோது ஆண்டு 1953. இடையில் 11 ஆண்டுகள் கழிந்திருந்தன. மக்கள் நாடக மன்றத்தில் வளர்ந்த ரித்விக் கட்டக் 1969இல் கொல்கத்தாவின் கோப்ரா மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கேயே ஒரு நாடகம் எழுதி, உடனிருந்த நோயாளிகளைக் கொண்டு அரங்கேற்றினார். அதன் பின்னரும் இரு முழுநீளத் திரைப்படங்களை உருவாக்கினார். இவர்களில் எவரைக் கோழை என்போம்?

இனி அரசின் பொறுப்புக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி மாண்ட பின்னரே, இத்தகைய காப்பிடங்களின் நிலையை உச்சநீதிமன்றம் நாடு தழுவிய அளவில் கேட்கத் தொடங்கியது. 1912ஆம் ஆண்டின் காலனிய 'பித்தர்' சட்டத்திலிருந்து 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்வரை நாம் கடந்து வந்த தொலைவு மிக நீண்டது. புதிய சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக அறிவிக்கிறது. நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்க ஆணையிடுகிறது. உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு வழங்கப் பணிக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்கிறது 115ஆம் பிரிவு.

உரிமை ஏட்டில் உள்ளது, மருத்துவர்தான் இல்லை. 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் உள்ளது. பெரும்பாலான நோய்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சிகிச்சையே பெறவில்லை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கப்பட்டது. ஆனால் ஒன்றிய அரசின் சுகாதார ஒதுக்கீட்டில் மனநலத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு விழுக்காடே. செய்ய முடியாததல்ல இப்பணி. கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மருத்துவப் பட்டமற்ற உள்ளூர் ஆலோசகர்களைப் பயிற்றுவித்துப் பணியமர்த்தியபோது, அங்கு வந்த மனச்சோர்வு நோயாளிகளில் குணமடைந்தோர் விகிதம் தெளிவாக உயர்ந்ததை 2010இல் வெளியான ஆய்வு நிறுவியது. மக்களிடையே வாழும் பணியாளர்க்குப் பயிற்சியும் முறையான ஊதியமும் அளித்தால் இது நாடெங்கும் இயலும்.

ஆகவே, மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவரும் மருந்தும் உண்டா என்று கேட்பது நமது தொழிற்சங்கங்கள், மாதர், வாலிபர் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும். அதே வேளையில், அரசின் நிதியை எதிர்பாராமல் கிளைகள் நாளையே செய்யக்கூடியவையும் உண்டு. டைபாய்டு கண்ட தோழருக்குப் பணியிலிருந்து ஓய்வளிப்பதுபோல் மனநோய் கண்ட தோழருக்கும் ஓய்வளிக்கலாம். குணமடைந்தபின் அவருடைய பொறுப்பை அவரிடமே திருப்பித் தரலாம். அவர் நம்பிச் சொன்னதை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதாதிருக்கலாம். தொடர்ந்து ஒதுங்கி நிற்கும் தோழரின் பெயரைக் கூட்டத்தில் எடுப்பதற்கு முன், ஒருவர் அவர் வீடு சென்று 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்கலாம். மருத்துவரிடம் முதல் முறை செல்கையில் துணைக்குச் செல்லலாம். 'பைத்தியம்', 'மெண்டல்' என்னும் வசைகளை நமது மேடைப் பேச்சிலிருந்து நீக்கலாம். அரசியல் எதிரியைத் தாக்க வேறு சொற்கள் தமிழில் ஏராளம்.

இதைப் படிக்கும் தோழர்களுள் சிலர் பல வாரங்களாக உறக்கமின்றி, எவரிடமும் சொல்லாமல் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு செய்தி: அரசின் டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். சாவைப் பற்றிய எண்ணம் வந்திருந்தால் நாளைவரை காத்திராமல் இன்றே அழையுங்கள். உங்கள் அருகிலிருக்கும் ஒருவரிடமும் சொல்லுங்கள். வேலைநிறுத்தத்தை எவரும் தனியாக நடத்துவதில்லை. நோயையும் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை, தோழர்.