தலையில் அடி வாங்கியவருக்குத் தோல் நிறம் பார்த்தா இழப்பீடு?

1/ அமெரிக்கக் கால்பந்து நம்ம ஊர் கால்பந்து இல்லைங்க. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டி மோதுற ஆட்டம். ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

2/ மைக் வெப்ஸ்டர், 4 சூப்பர் பவுல் வென்றவர். ஓய்வுக்குப் பின் மறதி, மன உளைச்சல். காசில்லாமல் வண்டியிலேயே தூங்கினார். 2002இல் மாரடைப்பால் மரணம், வயது 50. அவர் மூளையில் சி.டி.இ. என்ற சிதைவு நோய் இருப்பதை டாக்டர் பென்னட் ஒமாலு 2005இல் எழுதினார். கட்டுரையை வாபஸ் வாங்கச் சொன்னது யார் தெரியுமா? என்.எஃப்.எல். அமைத்த மருத்துவக் குழு!

3/ பிறகு வழக்கு, சமரசம், இழப்பீடு. அதிலும் பாருங்க, கறுப்பின வீரர்களுக்கு அறிவுத்திறன் இயல்பிலேயே குறைவுன்னு வச்சு மதிப்பெண் கணக்கிட்டாங்க. ஒரே மதிப்பெண்ணுக்கு வெள்ளையருக்கு 'டிமென்ஷியா', கறுப்பருக்கு 'நார்மல்' என்று வரலாம். 2020இல் 2 முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்ட பிறகே, 2021இல் கைவிட ஒப்புக்கொண்டாங்க.

4/ இதுக்கு 'அறிவியல்'னு பேர் வச்சதுதான் ஒரு டாக்டரா எனக்குக் கோபம். நேற்று எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கார் என்று பார்ப்பது மருத்துவம். தோலுக்கொரு அட்டவணை புரட்டுவது கணக்குப்பிள்ளை வேலை. பணம் மறுக்கப்பட்டால் அந்தச் சுமை மனைவி, பிள்ளைகள் தலையில்.

5/ "தெரிஞ்சுதானே ஆடினாங்க?"ன்னு கேட்பீங்க. முட்டி உடையும்னு தெரியும். மூளை சிதையும்னு யார் சொன்னாங்க? சொன்ன டாக்டரைத்தானே வாயடைக்கப் பார்த்தாங்க!