பீங்கானும் உலோகமும் சேரும் பரப்பு

உலோகக் கோப்பிங்கின் மீது பீங்கானைச் சுட்டுப் படியவைக்கும் பற்கவசத்தில், அதாவது வழக்கில் பிஎஃப்எம் கிரவுன் எனப்படுவதில், பீங்கான் பெயர்ந்துவிட்டால் பழி பீங்கான் பொடியின் மீதோ நோயாளியின் பல்நெறிக்கும் பழக்கத்தின் மீதோ விழுந்துவிடுகிறது; பெயர்ந்த பரப்பை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்த பின்னர் அம்முடிவு சொல்லப்படுவது அரிது. இரு பொருள்களும் எங்கே, எதனால் பிரிந்தன என்பதற்கு அந்தப் பரப்பைவிட நேரடியான சான்று இல்லை.

இவ்விரு பொருள்களும் இயல்பில் ஒத்துப்போகாதவை. பழைய ஃபெல்ஸ்பார் பீங்கானின் வெப்ப விரிவுக் கெழு, அதாவது ஒரு டிகிரி வெப்பம் ஏறும்போது நீளம் கூடும் விகிதம், பத்து லட்சத்தில் ஏறக்குறைய 8 பங்கு. பீங்கானுக்கென வார்க்கப்படும் உலோகக்கலவைகளுக்கு அது 14 பங்கை ஒட்டியது. 1962-இல் வைன்ஸ்டீன் குழுவினர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமைகள் இந்த இடைவெளியைக் கடக்க வழிகாட்டின. பொட்டாஷ் மிகுந்த ஃபெல்ஸ்பாரிலிருந்து லூசைட் என்னும் படிகம் உருவாகுமாறு செய்தால், 20 பங்குக்கும் மேல் விரியும் அப்படிகம் பீங்கான் முழுவதன் விரிவையும் உலோகத்தின் அருகே உயர்த்துகிறது. இரண்டும் முற்றிலும் சமமாவதும் விரும்பத்தக்கதன்று. உலோகத்தின் கெழு அரைப் பங்கிலிருந்து ஒரு பங்கு வரை கூடுதலாக இருந்தால், ஆறும்போது உலோகம் சற்றே மிகுதியாகச் சுருங்கிப் பீங்கானை அமுக்கத்தில் வைத்திருக்கிறது, இழுவிசையில் எளிதில் பிளந்துவிடும் பீங்கானுக்கு அவ்வமுக்கமே காப்பு. பலமுறை சுடுவதும் மெதுவாக ஆறவிடுவதும் லூசைட்டின் அளவை மாற்றக்கூடும் என்பதால், நிறத்தைத் திருத்துவதற்காக மீண்டும் மீண்டும் உலையில் வைக்கப்படும் கிரவுனில் இந்தப் பொருத்தம் குலைய இடமுண்டு.

விரிவுப் பொருத்தத்தைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவது ஆக்சைடு படலம். உருகிய பீங்கான் உலோகத்தின் மேடுபள்ளங்களில் புகுந்து பற்றிக்கொள்வதோடு, உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடை ஓரளவு கரைத்து அதனோடு வேதிப்பிணைப்பும் கொள்கிறது. தங்கம் தானாக ஆக்சைடு தராது. ஆகவே தங்கக்கலவைகளில் வெள்ளீயம், இண்டியம், இரும்பு ஆகியவை சிறிதளவு சேர்க்கப்பட்டு, சூடேற்றும்போது அவை பரப்புக்கு வந்து படலமாகின்றன. நிக்கல்-குரோமியம், கோபால்ட்-குரோமியம் கலவைகளின் சிக்கல் இதற்கு நேர்மாறானது: அவற்றில் ஆக்சைடு மிகுந்து, தடித்த படலம் தனக்குள்ளேயே பிளந்துகொள்கிறது. ஒரு கலவைக்குக் கட்டாயமான ஆக்சிஜனேற்றச் சூடு இன்னொன்றுக்குத் தேவையற்றதாகவோ, சூட்டுக்குப் பின் அலுமினாத் துகளால் சாண்ட்பிளாஸ்டிங் செய்து படலத்தைக் குறைக்க வேண்டியதாகவோ இருப்பது இதனால்தான். எல்லாக் கலவைகளையும் ஒரே பழக்கத்தின்படி உலையில் வைப்பது தவறு. ஆனால் லேப் சீட்டில் 'மெட்டல் செராமிக்' என்று மட்டும் எழுதி அனுப்பும் மருத்துவருக்கும் அத்தவற்றில் பங்குண்டு.

படலத்தைக் கட்டுப்படுத்தவும் வார்ப்பை எளிதாக்கவும் நிக்கல் கலவைகளில் ஒருகாலத்தில் பெரிலியம் சேர்க்கப்பட்டது. அதன் தூசியைச் சுவாசிக்கும் டெக்னீஷியனின் நுரையீரலைப் பெரிலியோசிஸ் என்னும் தீராத நோய் தாக்கக்கூடும். ஐஎஸ்ஓ 22674 தரம் பெரிலியத்தின் அளவை 0.02 விழுக்காட்டுக்குள் நிறுத்தியிருக்கிறது. பிணைப்பு எவ்வளவு நன்றாக அமைந்தாலும், அதற்காக ஒரு தொழிலாளியின் மூச்சை விலையாகக் கொடுப்பதற்கு நியாயம் இல்லை.

ஐஎஸ்ஓ 9693 தரத்தின்படி, மெல்லிய உலோகத் தகட்டில் சுட்ட பீங்கானை மூன்று புள்ளிகளில் வளைத்துச் சோதிக்கும்போது பிணைப்பு வலிமை 25 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது. அந்த எண் பொருள்களின் தகுதியைச் சொல்லும். வாயில் உடைந்த ஒரு கிரவுனின் காரணத்தைச் சொல்லாது. அதற்குப் பரப்பைத்தான் பார்க்க வேண்டும். உலோகத்தின் மேல் பீங்கான் எங்கும் படிந்து நின்றால் பிணைப்பு தாங்கியது, முறிவு பீங்கானுக்குள் நேர்ந்தது என்று பொருள். அப்போது கோப்பிங்கின் வடிவத்தையும் கடியையும் ஆராய வேண்டும். வெறும் உலோகம் பளிச்சிட்டால் மாசையோ போதிய ஆக்சைடு இன்மையையோ ஐயுறலாம். பிரிந்த இரு பக்கங்களிலும் ஆக்சைடு ஒட்டியிருந்தால் படலம் தடித்துவிட்டது.

ஆகவே லேப் சீட்டிலும் நோயாளியின் பதிவேட்டிலும் உலோகக்கலவையின் பெயரையும் தொகுதி எண்ணையும் குறித்துவைக்குமாறும், பெயர்ந்த கிரவுனை மாற்றும் முன் அதன் பரப்பைப் பார்த்து, கண்டதை லேபுக்கு எழுதியனுப்புமாறும் பல் மருத்துவர்களை இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது.