சீருடை மாறும்போது



ஒரு காலத்தில் நம் கொடும்பாளூர் இருக்குவேளிரின் தலைநகர். இன்றோ இராணுவத்தில் பணி முடித்துத் திரும்புவோர், நாற்பதையொட்டிய வயதில், அடுத்த வேலையைத் தேடுகின்றனர். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் முன்னாள் படைவீரருக்கு 5 விழுக்காடு இடங்கள் உண்டு. “அதே சீருடை வேலைதானே” என்கிறோம். நான் அப்படி எண்ணவில்லை. எல்லையில் எதிரே நிற்பவன் பகைவன். காவல் நிலையத்தில் எதிரே நிற்பவன் அயலான். அவன் குற்றவாளியே ஆனாலும், கைதான 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்பட வேண்டியவன்.

லூக்கா 3:14ஐ மீண்டும் வாசியுங்கள். தன்னிடம் வந்த போர்ச்சேவகருக்கு யோவான் ஸ்நானகன் தடுத்தவை எவை? மிரட்டிப் பறிப்பது, பொய்க்குற்றம் சுமத்துவது, சம்பளம் போதாதென்பது. போர்க்களத்துப் பாவம் ஒன்றுகூட இதில் இல்லை. எல்லாம் காவல் நிலையத்துப் பாவங்கள்! ஆயினும், சீருடையைக் கழற்றிவிடு என்று அவர் கூறவில்லை.

பிலிப்பி, ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர் குடியேற்றப்பட்ட பட்டணம். அங்கிருந்த சிறைச்சாலைக்காரனும் பழைய படைவீரனாக இருந்திருக்கலாம் என்பர் சிலர். கட்டளை கிடைத்ததும், கேள்வியின்றிப் பவுல், சீலாவின் கால்களைத் தொழுமரத்தில் மாட்டினான். அதே இரவில் அவர்களுடைய காயங்களைக் கழுவினான். விடிந்தபின்னும் அவன் வேலையை விடவில்லை; விடுதலைச் செய்தியைப் பவுலிடம் கொண்டுவந்தவன் அவனே.

நம் சபையில் ஒருவர் காவலர் பணி ஆணையோடு வந்தால், சால்வை அணிவிப்பதற்குமுன் இவ்விரு பகுதிகளையும் அவரோடு அமர்ந்து வாசிப்போம்.