அது நம் வடகம்தான் ஐயா!

'வடுவான்' என்பது பிரெஞ்சு மசாலாவாம். இங்கே புதுச்சேரியிலேயே சில ஓட்டல்காரர்கள் இப்படிச் சொல்கிறார்கள். பிரெஞ்சில் படித்தவன் சொல்கிறேன், அது நம் தாளிப்பு வடகம்! சின்ன வெங்காயம், பூண்டை இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள் சேர்த்துப் பிசைந்து, பகலில் வெயிலில் காயவைத்து, ராத்திரி பானையில் மூடி, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிப் பல நாள் பாடுபட்டால்தான் அந்தப் புளித்த மணம் வரும். குப்பித் தூளில் அது ஏது? மனைவி போனபின் 68 வயதில் அடுப்படிக்குள் நுழைந்தவன் நான். சொல்லித்தர ஆளில்லை. மீன் குழம்புக்கு ஓர் உருண்டையை உதிர்த்துத் தாளித்த அன்றுதான் வீட்டில் பழைய வாசனை வந்தது. அதைப் போய்ப் பாரீசுச் சரக்கு என்பதா? மெனு அட்டையில் 'வடகம்' என்று தமிழில் போடுங்கள், பிறகு காசு வாங்குங்கள்.